பின்னால் கிரீச் என்றாலே ஷாக் அப்சார்பர்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில் உத்தமபாளையத்து வாசகர் ஒருவர், வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் காரின் பின்பக்கத்தில் கிரீச் கிரீச் என்று சத்தம் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு இரண்டே வரியில், ஷாக் அப்சார்பர் (சக்கரத்துப் பக்கத்தில் வண்டியின் ஆட்டத்தை அடக்குகிற எண்ணெய்க் குழாய்) போயிருக்கும், இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். டீக்கடையில் அதைப் படித்த எனக்கு டீ இறங்கவில்லை. இதே பதிலை எனக்கும் ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன், ஏழாயிரத்துச் சொச்சம் போனது, சத்தம் மட்டும் போகவில்லை.

நான் கூடலூர்க்காரன். நீலகிரிக் கூடலூர் இல்லை, குமுளி மலைக்குக் கீழே இருக்கிற தேனி மாவட்டக் கூடலூர். ஏலக்காய், மிளகு வாங்கி விற்கிற சின்ன வியாபாரம். வாரத்துக்கு மூன்று நாளாவது லோயர்கேம்ப் வழியாக மலை ஏறி குமுளி, புத்தடி, வண்டன்மேடு என்று சுற்றிவிட்டு கம்பம்மெட்டு வழியாக இறங்கி வீட்டுக்கு வருவேன். வண்டி பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய சின்ன கார். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இது கம்பெனியின் குற்றமே இல்லை, வயதின் குற்றம்.

சத்தம் ஆரம்பித்தது பங்குனியில். முதலில் கேட்டது நானில்லை, பின் சீட்டில் இருந்த என் அம்மா. "ஏலக்கா மூட்டையோட எலியும் ஏறிருச்சாடா, கத்துது பாரு" என்றார். நான் சிரித்துவிட்டு ஓட்டினேன். நாலு நாள் கழித்து எனக்கே கேட்டது. நம் ஊர்ப் பழைய கயிற்றுக் கட்டிலில் கனமான ஆள் திரும்பிப் படுத்தால் எப்படி முனகுமோ அப்படி ஒரு சத்தம், பள்ளத்தில் இறங்கினால் ஒன்று, ஏறினால் ஒன்று.

முதலில் வைத்தியம் பார்த்தது என் மச்சினன். விடியற்காலையில் கம்பம், கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறவன். "இதுக்குப் போயி ஒர்க்‌ஷாப்பா மாமா" என்று ஒரு டப்பா கழிவு ஆயிலும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு வந்து, வண்டிக்கு அடியில் படுத்து, கண்ணில் பட்ட இடமெல்லாம் பூசிவிட்டான். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் வந்தது, முன்னைவிடக் கூடுதலாக.

அவன் செய்தது ஜீப்புக்குச் சரியான வைத்தியம். ஜீப்பில் பின்னால் இருப்பது கமான் பட்டை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். வண்டி ஆடும்போது பட்டையும் பட்டையும் உரசும், இடையில் மண்ணும் துருவும் புகுந்தால் கத்தும். மாட்டு வண்டி அச்சுக்கு மை போட்ட கதைதான், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் மசகு வேண்டும். அதிலும் சும்மா மேலே பூசினால் போதாது, ஜாக்கி வைத்து வண்டியின் உடம்பைத் தூக்கிப் பட்டைகளுக்கு இடைவெளி வரவைத்து, மண்ணைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் வைக்க வேண்டும். பட்டையின் முனையை வண்டியோடு மாட்டுகிற ஷாக்கிள் பின்னில் கிரீஸ் ஏற்றுகிற சின்ன மூக்கு, அதாவது கிரீஸ் நிப்பிள், இருந்தால் அங்கும் கிரீஸ் அடிக்க வேண்டும். ஆனால் என் காரில் பட்டை ஏது? சுருள் ஸ்பிரிங், அதன் மேலும் கீழும் ரப்பர் மெத்தை, ஷாக் அப்சார்பரின் இரண்டு முனையிலும் ரப்பர், பின் ஆக்சில் பீமின், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கிற இரும்புத் தண்டின், இரண்டு கைகளும் பாடியில் வந்து மாட்டுகிற இடத்தில் பெரிய ரப்பர் புஷ், இரும்பு வளையத்துக்குள் ரப்பர் வைத்த உருளை. எல்லாம் ரப்பர். ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஆகாது. முதலில் ஊறி வழுக்கும், அதனால் சத்தம் அடங்கும், அப்புறம் உப்பி, இளகி, நொதுநொதுத்துப் போகும். இரண்டு நாள் நிம்மதிக்காக இருந்த ஆயுளையும் குறைத்துக்கொள்கிறோம். பூசியே ஆக வேண்டுமென்றால் சிலிக்கான் ஸ்பிரே என்று தனியாக விற்கிறார்கள், அது ரப்பரைத் தின்னாது. ஆனால் அதுவும் வாயைப் பொத்துகிற வேலைதான்.

அடுத்தது ஒர்க்‌ஷாப். எந்த ஊர், யார் என்பது வேண்டாம். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை, டிக்கியை இரண்டு தடவை அமுக்கினார்கள், கிரீச் என்றது, "ஷாக் அப்சார்பர் சார்" என்றார்கள். இரண்டு புதுசு போட்டார்கள். வெளியே எடுத்துவந்து முதல் வேகத்தடையில் கிரீச். திரும்பிப் போனால், "அப்ப ஸ்பிரிங்கா இருக்கும்" என்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் சத்தம் போகத்தான் செய்யும், கூடவே காரின் விலையும் போய்விடும்.

ஷாக் அப்சார்பர் போனதா என்று பார்க்க எளிய வழி உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வண்டியின் ஒரு மூலையை நன்றாக அமுக்கி விட்டுவிட வேண்டும். மேலே வந்து ஓர் ஆட்டத்தோடு அடங்கினால் அது உயிரோடு இருக்கிறது. ஊஞ்சல் மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடினால் போய்விட்டது. குழாயின்மேல் எண்ணெய் வழிந்து அதில் மண் ஒட்டியிருந்தாலும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம், லேசான ஈரப் பூச்சு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். செத்துப்போன ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் கிரீச் என்று கத்தாது, வண்டியை ஆட விடும், இல்லையென்றால் பள்ளத்தில் டொக் டொக் என்று இடிக்கும். அமுக்கும்போது ஸ்ஸ் என்று வருவது உள்ளே எண்ணெய் வால்வைக் கடக்கிற சத்தம், அது நோயே இல்லை. என்னுடைய பழைய ஷாக் அப்சார்பர் இரண்டும் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. ஒரு சொட்டு எண்ணெய் வழியவில்லை, கையால் அமுக்கினால் இன்னமும் வீம்பாகத்தான் நிற்கின்றன. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாதம், தென்மேற்குப் பருவமழை. நம் பக்கம் காற்றும் கொஞ்சம் சாரலும், மேலே குமுளியில் விடாத மழை. மலை ஏறும் வரை கத்திக்கொண்டு வந்த வண்டி, குமுளி தாண்டியதும் வாயை மூடிக்கொள்ளும். வண்டன்மேடு வரை ஊமை. திரும்பி இறங்கி, கம்பம் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் மறுபடியும் கிரீச். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கேரளா ரோடு நல்ல ரோடு, அதனால் சத்தம் வரவில்லை, நம் ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டு, இதையே உங்களுக்கு ஒரு கடிதமாக எழுதி நெடுஞ்சாலைத் துறையைத் திட்டவும் இருந்தேன். நல்லவேளை எழுதவில்லை.

குமுளியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிற மலையாளி மெக்கானிக் ஒருவரிடம் டயர் பஞ்சர் விஷயமாகப் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். ரோடு இல்லை சேட்டா, மழை, என்றார். அப்புறம் வண்டியை ஷெட்டுக்குள் துடைத்து நிறுத்தி, மத்தியானம் வரை காயவிட்டு, கடைப் பையனிடம் "கொறச்சு வெள்ளம் எடுக்கு" என்றார். நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது, அவர்களுக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் வெள்ளம்தான். பையன் வாயகன்ற பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தான்.

அவர் செய்தது இவ்வளவுதான். வண்டியைக் குழிமேல் நிறுத்தி, பையனை டிக்கிப் பக்கம் நிற்கவைத்து, அமுக்கி அமுக்கி விடச் சொன்னார். கிரீச், கிரீச். இவர் கீழே இறங்கி, இடது ஸ்பிரிங்கின் அடி ரப்பரில் மட்டும் தண்ணீர் ஊற்றினார். கிரீச் நிற்கவில்லை. ஷாக் அப்சார்பரின் கீழ் புஷ்ஷில் ஊற்றினார். நிற்கவில்லை. பீமின் இடது கை பாடியில் மாட்டுகிற புஷ்ஷில் ஊற்றினார். பையன் அமுக்கினான், சத்தம் இல்லை. இன்னொரு தடவை அமுக்கினான், சத்தம் இல்லை. அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் இறங்காத வலது பக்கப் புஷ்ஷில் விரலை வைத்தால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் உள்ளே நறநறவென்று ஓர் அதிர்வு லேசாகத் தெரிந்தது, அதுவும் போகிற வழியில்தான் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் இடது புஷ்ஷின் ரப்பர் சுற்றிலும் வெடித்து, இரும்பு வளையத்தைவிட்டுக் கழன்று, அதற்குள்ளேயே தேய்ந்துகொண்டிருந்தது. காய்ந்தால் கத்தும், நனைந்தால் வழுக்கும். எட்டு பைசா செலவில்லாத வைத்தியம். மழை இத்தனை நாளாக எனக்கு இதையேதான் செய்து காட்டிக்கொண்டிருந்தது, நான்தான் ரோட்டைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். அந்த மலைப்பாதையில் இரைச்சல் பாலம் என்று ஓர் இடமே இருக்கிறது, பெரியாற்றுத் தண்ணீர் கொட்டி இரைகிற இடம். தண்ணீர் இரைச்சல் போடுவதைத்தான் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், தண்ணீர் இரைச்சலை அடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு புஷ்ஷும் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இரண்டு குணத்தோடு ஓடும் என்றார். பழையதை பிரஸ் என்கிற அழுத்தும் எந்திரத்தில் தள்ளி எடுத்து, புதுசை அழுத்திப் போடும்போது அதிலிருந்த ஓர் அடையாளக் கோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பல கார்களில் அந்தப் புஷ் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. போல்ட்டை விரலால் மட்டும் முடுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தில் பாரம் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்கினார். ஏன் என்று கேட்டேன். இந்த ரப்பர் புஷ் சுழலாது, முறுகி முறுகித் திரும்பும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும், புதுசே கத்த ஆரம்பிக்கும். அந்த ஒர்க்‌ஷாப்பில் என் ஷாக் அப்சார்பரை லிஃப்ட்டில் தொங்கவிட்டுத்தான் இறுக்கியிருந்தார்கள், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் கீழ் போல்ட்டையும் தளர்த்தி, தரையில் வைத்து மறுபடி இறுக்கிக் கொடுத்தார். உங்கள் வாகனப் பக்கத்தில் இந்த ஒரு விஷயத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் எத்தனையோ பேருக்கு உபயோகம்.

எல்லாக் காரிலும் இதே புஷ்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் உங்கள் இரண்டு வரிப் பதில் மாதிரிதான் ஆகிவிடுவேன். என் மைத்துனி காரில் இதே கிரீச் வந்தது, தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒன்றும் மாறவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது எனக்கு உறைத்தது. வண்டியை அமுக்கும்போது பீம் ஒரு வளைவாக மேலும் கீழும் போகும், அதோடு சக்கரமும் துளி உருளப் பார்க்கும், ஹேண்ட் பிரேக் பிடித்திருந்தால் சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்முக்குள், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ உரசிக் கத்தும். சமதளத்தில் முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு அமுக்கினோம். சத்தம் போயே போச்சு. டிரம்மைக் கழற்றித் தூசியைத் துடைத்து, ஷூ வந்து உட்காரும் மேட்டில் அதற்கென்று இருக்கிற கிரீஸைத் துளித் தடவினதோடு சரி. இதைப் பார்க்காமல் புஷ் மாற்றியிருந்தால் அங்கும் ஒரு நாலாயிரம் போயிருக்கும்.

ஓடும்போதும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வேகத்தடையில் மட்டும் வருகிறதா, சமமான ரோட்டிலும் சக்கரம் சுற்றச் சுற்ற வருகிறதா? சக்கரத்தோடு சேர்ந்து வேகமானால் வேகமாகவும், மெதுவானால் மெதுவாகவும் வந்தால் சஸ்பென்ஷனை, அதாவது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், புஷ் கூட்டத்தை, விட்டுவிட்டு பிரேக்கையும் சக்கரம் சுழல்கிற பேரிங்கையும் பார்க்கலாம். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் மாறினால் பிரேக். உம்ம்ம் என்று ஒரு முழக்கம், வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் பேரிங், அதைத் தள்ளிப்போடக் கூடாது. டங் என்று இரும்புச் சத்தம் வந்தால் ஸ்பிரிங்கின் அடிச் சுற்று ஒடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மண் மூடிக்கிடக்கிற இடம் என்பதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. இரண்டு மூட்டை கூடுதலாக ஏற்றினால் சத்தம் மாறுகிறதா என்பதும் ஒரு துப்பு. மூட்டை ஏற்றுகிற என் மாதிரி ஆட்களுக்கு அந்தப் பரிசோதனை தினமும் தானாகவே நடக்கிறது.

அதற்கும் முன்னால் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர், எப்போதோ போட்ட தண்ணீர் கேன், எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்ட வேண்டும். பின் சீட்டைப் பூட்டுகிற கொக்கி, டிக்கிக் கதவின் ரப்பர், சைலன்சரைத் தாங்குகிற ரப்பர் வளையம், இவையெல்லாம் அசல் சஸ்பென்ஷன் மாதிரியே மிமிக்ரி செய்யும். சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது கையால் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓட்டுகிறவருக்கு இடம் பிடிபடாது, பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்து இடமா வலமா என்று கேட்பது நல்லது. என் அம்மா முதல் நாளே "இந்தப் பக்கம்டா" என்று இடது பக்கத்தைக் காட்டினார், எலி என்று சொன்னதால் நான் மதிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையைக் கொடுக்காதீர்கள். என் மச்சினன் அன்று பிரஷ்ஷோடு படுத்திருந்த கோலத்தை நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது. குழி உள்ள பட்டறைக்குப் போங்கள், இல்லையென்றால் வண்டியைத் தாங்குகிற இரும்பு ஸ்டாண்டு வைத்துச் செய்யுங்கள்.

நெடுஞ்சாலைத் துறையை முழுசாக விட்டுவிடவும் மனசு வரவில்லை. சாலைக்கு விதி வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் போட்ட விதிப்படி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வலிக்காமல் ஏறி இறங்க வேண்டும். எங்கள் பக்கம் போட்டிருப்பது பல இடங்களில் ஒரு முழ அகலத்தில் வரப்பு கட்டின மாதிரி இருக்கிறது, வெள்ளைக் கோடும் கிடையாது. சபரிமலை சீசன் வந்தால் ஒருவழிப் பாதையாக்கி, போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டுப் பக்கம் திருப்பிவிடுவார்கள். வெளியூர் டிரைவர்கள் இருட்டில் அந்த வரப்புகளைப் பார்க்காமல் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். புஷ் கிழியாமல் என்ன செய்யும்?

உங்கள் வாகனப் பக்கம் பார்க்கிறவரிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த தடவை யாராவது சத்தம் என்று எழுதினால், பதில் போடுவதற்கு முன் அவரிடம் நாலு கேள்வி கேட்கட்டும்: காய்ந்த ரோட்டிலா, மழையிலா, ஹேண்ட் பிரேக் போட்டா, போடாமலா. உத்தமபாளையத்து வாசகர் இன்னும் ஷாக் அப்சார்பருக்குப் பணம் கொடுக்கவில்லை என்றால், இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் சீக்கிரம் பிரசுரியுங்கள். அவருக்கு முதலில் வேண்டியது ஒரு பாட்டில் தண்ணீரும், டிக்கியை அமுக்க ஓர் ஆளும்தான்.

இப்படிக்கு,
ஏலக்காய் வியாபாரி ஒருவர்,
கூடலூர், தேனி மாவட்டம்.